பொம்மைப் படத்தில் பேசியவள்

ஜன்னல் சீட்டு வேணும்னா உக்காந்துக்கோங்க தம்பி. அது என் வீட்டுக்காரி சீட்டு. அவ வரல. சேச்சே, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா. கோயமுத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து என்னை ஏத்திவிட்டுட்டுப் போனா. திரும்பி வர்றதுக்கு ரெண்டு டிக்கெட்டா நான்தான் முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன். எப்படியும் கூட்டிட்டுத்தானே வருவோம்னு ஒரு இது.

அந்தப் பையை மேல வைக்காதீங்க. காலுக்கடியில வெச்சுக்கோங்க. உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். நான் எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பேரு உலகநாதன். சொந்த ஊரு கோவில்பட்டி, இப்ப மெட்ராஸ்ல சாலிகிராமம். கடை கடையாப் போய் தராசு, எடைக்கல்லு எல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற உத்தியோகம். தராசுத் தட்டுக்கு அடியில ஒரு துண்டு புளியை ஒட்டி வெச்சிருப்பான். கல்லைக் குடைஞ்சு உள்ளே மெழுகை ஊத்தி வெச்சிருப்பான். பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு அப்படியே பழகிப்போச்சு. எதைப் பாத்தாலும் அடியில என்ன ஒட்டியிருக்குன்னுதான் தோணும். தப்புங்கிறீங்களா?

ஒண்ணு கேக்குறேன். 'மான்கொம்பு இளவரசன்'னு ஒரு பொம்மைப் படம், உங்களுக்குத் தெரியுமா?

பாருங்க, நான் கேட்டு வாயை மூடல, சிரிக்கிறீங்க. இதைத்தான் சொல்றேன். உங்க வயசுக்காரங்க யார்கிட்ட அந்தப் பேரைச் சொன்னாலும் இந்தச் சிரிப்பு வந்துருது. எங்க தெரு மெடிக்கல் ஷாப்புக்காரன் சிரிக்கிறான். எனக்குப் பல்லு பிடுங்கின டாக்டர், கையில இடுக்கியை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. எனக்கு இந்தச் சிரிப்பு புடிக்கல தம்பி. சம்பந்தமே இல்லாத ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரி சிரிச்சா, அதுக்கு அடியில என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?

அதுல விளக்கேத்துற பொண்ணு ஒண்ணு வருமே, அதுக்குத் தமிழ்ல பேசினது என் வீட்டுக்காரிதான். செண்பகம்.

ஆமா, சத்தியமா. போனை உள்ள வைங்க. என்னைப் படம் பிடிச்சு என்ன ஆகப்போகுது, நான் ஒண்ணும் பேசல அதுல.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல அவ வடபழனியில டப்பிங் பேசிக்கிட்டிருந்தா. குழந்தை அழுற சத்தம், கூட்டத்துல நாலு பேர் கத்துற சத்தம், பேய் சிரிக்கிற சத்தம், இப்படித்தான். அப்பத்தான் இந்த வெளிநாட்டுப் பொம்மைப் படம் தமிழுக்கு வந்துச்சு. கதாநாயகிக்கு இவளைப் பேசச் சொல்லிட்டாங்க. பேசினா. அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள்தான். விட்டுட்டா.

நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. எழுதி வெச்சுக்கோங்க. எப்ப வருவேன்னு கேப்பேன். எத்தனை பேரு பேசுறீங்கன்னு கேப்பேன். ஆட்டோவுல வந்தியா, யாரும் கொண்டாந்து விட்டாங்களான்னு கேப்பேன். சில நாள் ஸ்டுடியோ வாசல்ல எதிர் டீக்கடையில நின்னுக்கிட்டு இருப்பேன், பத்திரமா வர்றாளான்னு. புருஷன் கேக்கக்கூடாதா? ஒரு நாள் வந்து செருப்பைக் கழட்டிட்டு, "இனிமே போகல"ன்னா. "ஏன்?"னு கேட்டேன். "போகல"ன்னா. அவ்வளவுதான். நானாவா நிறுத்தினேன்? அவளா நின்னா.

ஆனா படம் நிக்கலையே. பள்ளிக்கூடம் லீவு விட்டா டிவியில அதுதான். தீபாவளிக்கு அதுதான். பக்கத்து வீட்டுல ஓடும், மேல் வீட்டுல ஓடும். எங்க வீட்டுக்குள்ள மட்டும் ஓடாது. அந்த நேரம் பாத்து அவ மாடிக்குத் துணி காயப்போடப் போயிருவா. தான் பேசின படத்தை ஒருத்தி பாக்கவே மாட்டேங்கிறா, ஏன்? நானும் பாத்ததில்ல. பொம்மைப் படத்துல நமக்கென்ன.

அந்த இளவரசன் இருக்கான் பாருங்க, மானா மாறிப்போனவன். அவனுக்குப் பேசினது எட்வின் ஜெயசீலன்னு ஒரு ஆளு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெளிமுடி. "செண்பகம், தண்ணி குடு"ன்னு கேட்டான். தண்ணிதான் கேட்டான். அதுக்கே எங்க எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்துக்கிட்டு வந்து எட்டிப் பாத்துச்சு. அப்படி ஒரு குரல். ஒரு மனுஷனுக்கு எதுக்குத் தம்பி அப்படி ஒரு குரல்? தண்ணி கேக்குறதுக்கு நம்ம குரல் பத்தாதா?

சரி, அதெல்லாம் பழைய கதை. இந்த வெயில் காலத்துல நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

சித்திரை பிறந்த சமயம், ஒரு பொண்ணு வீட்டுக் கதவைத் தட்டிச்சு. முப்பது வயசு சொல்லலாம். நான் ஹால்ல பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன். செண்பகம்தான் போய்த் திறந்து, "யாரு வேணும்மா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு.

ஒருத்தி வாசல்ல நின்னு காரணமில்லாம அழுதா நீங்க என்ன செய்வீங்க? நான் அவ கைப்பையைப் பாத்தேன். அதுக்கப்புறம் தெருவுல வேற யாராவது நிக்கிறாங்களான்னு பாத்தேன். யாருமில்ல.

பேரு பர்வீன். கோயமுத்தூர்ல குழந்தைங்க டாக்டராம். அந்தப் படத்துக்குக் குரல் குடுத்தவங்களை ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தாங்களாம், அவளும் அவ சிநேகிதங்களும். பட டைட்டில்ல இவங்க பேரெல்லாம் போடல. அங்க விசாரிச்சு இங்க விசாரிச்சு வந்து சேந்திருக்கா. கோயமுத்தூர்ல ஒரு தியேட்டரைப் பிடிச்சுப் படத்தைத் திரையில போடப் போறாங்களாம். அம்மா வரணுமாம். நான் உக்காரவெச்சு விசாரிச்சேன்.

"அழுதது எதுக்கும்மா?"

"சாரி அங்கிள். என்னை அறியாம வந்துருச்சு. சின்ன வயசுல எங்கம்மா சவுதியில நர்ஸா இருந்தாங்க. ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல யாருமிருக்க மாட்டாங்க. பூட்டைத் திறந்ததும் இந்தப் படத்தோட சிடியைப் போட்டுருவேன். பாக்கக்கூட மாட்டேன் அங்கிள். ஹோம்வொர்க் எழுதுவேன், தட்டு கழுவுவேன். ஆண்ட்டி குரல் அது பாட்டுக்கு வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டு இருக்கும். பயமே இருக்காது."

"அம்மா சவுதியிலன்னா, அப்பா எங்கே?"

"கடையில அங்கிள்."

"என்ன கடை?"

"என்னங்க"ன்னா செண்பகம். நிறுத்திட்டேன்.

ஆனா விடல. "படத்துல அப்படி என்னதான்மா கதை?"ன்னு கேட்டேன். உண்மையிலேயே பாத்தவளான்னு தெரியணும்ல. கடகடன்னு சொன்னா. பனி கொட்டுற ஒரு ஊராம். தெருவிளக்கு ஏத்துறவரோட பொண்ணாம். சூனியக்காரி ஒருத்தி இளவரசனை மானா மாத்திவிட்டுருவாளாம். விளக்கு எரியற நேரம் மட்டும் அந்த மானுக்குப் பேச்சு வருமாம். தினம் சாயங்காலம் அது வரும், இவ விளக்கேத்துவா, ரெண்டும் சண்டை போடும். சாபம் தீரணும்னா அது தனியா மலை தாண்டிப் போகணும். திரும்பி வரும்னு நிச்சயமில்ல. இவ போகாதேன்னு அழ மாட்டாளாம். என்ன சொல்வாளாம்...

சொல்லுங்க, உங்களுக்குத் தெரியுமே. அதேதான். "போறதுன்னா போ. கதவைச் சாத்த மாட்டேன். ஆனா விளக்கை நீயே வந்து ஏத்திக்கோ."

"எண்ணெய் இருக்குமா?"ம்பானாம் அவன். "அது நீ வர்ற நேரத்தைப் பொறுத்தது"ம்பாளாம் இவ.

அந்தப் பொண்ணு இதைச் சொல்லிட்டு மறுபடியும் கண்ணைத் துடைச்சுக்குது. இதுல அழுறதுக்கு என்ன இருக்கு? எண்ணெய்க் கணக்குதானே? நான் செண்பகத்தைப் பாத்தேன். அவ காபி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அந்த வசனத்தை அவ அந்த எட்வினை எப்படிப் பாத்துக்கிட்டுப் பேசியிருப்பான்னு எனக்கு ஒரு நினைப்பு ஓடிச்சு.

அன்னிக்கு அந்தப் பொண்ணு போனதுக்கப்புறம்தான் போன் வர ஆரம்பிச்சுது.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் வரும். செண்பகம் பால்கனிக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவா. போன்ல பேசுறவங்கன்னா என்ன செய்வாங்க? கொஞ்சம் பேசுவாங்க, கொஞ்சம் கேப்பாங்க. "அப்படியா"ம்பாங்க, "ம்"பாங்க. இவ கேக்குறதே கிடையாது. இவ மட்டும் பேசிக்கிட்டே இருக்கா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கவனிச்சேன். முருங்கைக்காய் முத்திப்போச்சு, தண்ணி லாரி வரல, மாடி வீட்டுக்காரங்க பூனை வளக்குறாங்க, இப்படி. இதைக் கேக்கவா ஒருத்தன் தினம் போன் பண்ணுவான்? நீங்களே சொல்லுங்க, முருங்கைக்காய்னா முருங்கைக்காய்தானா?

ஒரு நாள் பேசிக்கிட்டே வந்தவ, "அவரா? நல்லா இருக்காரு. பிரஷர் மாத்திரை போட்டுட்டு இப்பக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறாரு"ன்னா. நான் சத்தமில்லாமப் போய்ப் படுத்துட்டேன்.

மறுநாள் அவ குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பாத்தேன். 'எட்வின் சார்'னு இருந்துச்சு.  நம்பரை அமுக்கினேன். எடுத்துட்டான். நான் ஒண்ணும் பேசல. அவனும் பேசல. மூச்சு மட்டும் கரகரன்னு கேக்குது. அப்புறம் எதையோ தட்டினான். டொக், டொக். நான் வெச்சுட்டேன். குற்றம் செய்யாதவன் ஹலோன்னு சொல்வானா, தட்டுவானா?

சாயங்காலம் நேராவே கேட்டேன். "போன்ல யாரு?"

"எட்வின் சார்."

"என்ன பேசுறான்?"

"அவர் பேசல."

"பேசாம எதுக்குப் போன்?"

"நான் பேசுறேன். அவர் கேக்குறாரு."

இதை நம்பச் சொல்றீங்களா? நான் எத்தனை கடைக்காரனைப் பாத்திருக்கேன். மாட்டிக்கிட்டவன் இப்படித்தான் தம்பி, கண்ணைப் பாத்து நிதானமாச் சொல்வான்.

படம் போடுற நாள் நெருங்கிச்சு. "நான் போயிட்டு வர்றேன். நீங்களும் வர்றீங்களா?"ன்னு கேட்டா. "பொம்மைப் படத்துக்கா? நீ போ"ன்னேன். பர்வீனே வந்து கூட்டிட்டுப் போனா. செண்பகம் மாம்பழக் கலர் புடவை ஒண்ணு கட்டியிருந்தா. அதை நான் பாத்ததே இல்ல. எப்ப வாங்கினதுன்னு கேக்கலாம்னு நினைச்சேன். ஆட்டோ வந்துருச்சு.

அடுத்த பஸ்ஸை நானும் பிடிச்சேன். அவகிட்டச் சொல்லல. சொல்லிட்டுப் போறதுக்குப் பேரு சோதனையா?

நேத்து மத்தியானம்தான். கோயமுத்தூர்ல பழைய தியேட்டர். வாசல்ல கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நான் குழந்தை குட்டிங்க இருக்கும்னு நினைச்சுப் போனேன். குழந்தைங்க கொஞ்சம்தான். மத்ததெல்லாம் உங்க வயசு. கழுத்துல கம்பெனி அடையாள அட்டையோட வந்தவன் இருக்கான். யூனிஃபார்மைக்கூட மாத்தாம வந்த ஒரு பொம்பள சப்-இன்ஸ்பெக்டர் இருக்கா. மரக்கிளையை வெட்டி மான்கொம்பு மாதிரி தலையில கட்டிக்கிட்டு ஒரு தடியன் நிக்கிறான், தாடியெல்லாம் வெச்சிருக்கான், வெக்கமே இல்ல. நான் முகத்துல மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுக் கடைசி வரிசையில போய் உக்காந்தேன்.

செண்பகம் முன்னாடி உக்காந்திருந்தா. பக்கத்துல பர்வீன். அந்தப் பக்கம் ஒரு ஒல்லி ஆளு, கழுத்துல துண்டைச் சுத்தியிருந்தான். முகம் தெரியல.

விளக்கை அணைச்சாங்க. படம் ஓடிச்சு.

நல்லாத்தான் இருந்துச்சு. பொம்மைங்கதான், இல்லைங்கல. ஆனா அந்தக் குரல்... அதைத்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அது என் பொண்டாட்டி குரல் இல்ல தம்பி. அதாவது, அவளேதான். சந்தேகமில்ல. ஆனா அந்தப் பொண்ணு அதட்டுது, கொஞ்சுது, மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் பொய்க் கோபம் கோவிக்குது. மான் பனியில சறுக்கி விழுந்ததும் சிரிக்குது பாருங்க, வயித்துல இருந்து வர்ற சிரிப்பு. தியேட்டரே அது கூடச் சேந்து சிரிக்குது. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். "சாப்பிட வாங்க", "கேஸ் வந்துருச்சு", "மாத்திரை போட்டீங்களா". இதுதான் நான் கேட்ட குரல். அந்தச் சிரிப்பை ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. அப்ப அது எங்க இருந்துச்சு? இத்தனை நாள் யாருக்காக வெச்சிருந்தா?

இருட்டுல உக்காந்துக்கிட்டு இதேதான் யோசிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஏசி அதிகம் அந்தத் தியேட்டர்ல.

அந்த வசனம் வந்தப்போ யாரும் படத்தைக் கேக்கவே இல்ல. எல்லாரும் சேந்து சொல்றாங்க. எனக்கு முன் வரிசையில அந்த சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு, "போறதுன்னா போ"ங்குது. யாரு போனாங்களோ அதுக்கு.

படம் முடிஞ்சு விளக்கைப் போட்டாங்க. மேடையில நாற்காலி போட்டு செண்பகத்தைக் கூப்பிட்டாங்க. அப்புறம் பர்வீன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "நம்ம இளவரசன்"னா. அந்தத் துண்டு சுத்தின ஒல்லி ஆளு எழுந்து படியேறுனான்.

எட்வின்தான். அடையாளமே தெரியல. நெளிமுடி எல்லாம் போயிருச்சு. துண்டை விலக்கினான். தொண்டைக்குழியில ஒரு ஓட்டை. புத்துநோயாம். குரல்வளையை எடுத்துட்டாங்களாம். பேச்சே இல்லையாம். பர்வீன்தான் மைக்ல சொன்னா.

ஆமா தம்பி. அவ சொன்னது உண்மைதான். அவன் பேசலதான். அதை நான் ஒத்துக்கிறேன். அதுல எனக்கு வாதமில்ல.

யாரோ பின்னாடியிருந்து, "ஒரே ஒரு தடவை அந்த வசனம்!"னு கத்தினான். செண்பகம் எட்வினைப் பாத்தா. அவன் தலையை ஆட்டி, கையால 'நீ சொல்லு'ன்னு காட்டினான். அவ மைக்கை வாங்கினா. அந்த மாம்பழப் புடவையில நிமிந்து நின்னா. பேசினா.

"போறதுன்னா போ. கதவைச் சாத்த மாட்டேன். ஆனா விளக்கை நீயே வந்து ஏத்திக்கோ."

வயசே ஆகல அந்தக் குரலுக்கு. ஒரு பொடிப்பய என் பக்கத்துல அவங்கப்பாகிட்ட, "அப்பா, பொம்மை வெளியில வந்துருச்சு"ன்னான்.

அப்புறம் அவ நிறுத்திட்டா. அடுத்தது எட்வின் சொல்லணும். அவ காத்துக்கிட்டு நிக்கிறா, அவன் தொண்டையில கையை வெச்சுக்கிட்டு நிக்கிறான். இது என்ன கொடுமைன்னு நினைச்சேன். சட்டுனு அந்தத் தியேட்டர் மொத்தமும், ஆம்பள பொம்பள எல்லாரும், ஒண்ணா, "எண்ணெய் இருக்குமா?"ன்னாங்க. கத்தல தம்பி. அவன் எப்படிச் சொல்லியிருப்பானோ அப்படி, மெதுவா, கொஞ்சம் கேலியா. அவன் குரல்லயே சொன்னாங்க. எத்தனை பேரு தொண்டைக்குள்ள அந்த ஆளோட குரல் அத்தனை வருஷமாப் பத்திரமா இருந்திருக்கு பாருங்க.

எட்வின் மேடையிலயே உக்காந்துட்டான். நாற்காலியில இல்ல, தரையில. செண்பகம் குனிஞ்சு அவன் தோள்ல கையை வெச்சுக்கிட்டு, "அது நீ வர்ற நேரத்தைப் பொறுத்தது"ன்னா.

அவன் தோள்ல கையை வெச்சா. பாத்தேன். அதுல நான் ஒண்ணும் சொல்லல. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் வைப்பாங்க. நானே வெச்சிருப்பேன்.

நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்து நடந்ததை. ஒரு பொண்ணு எழுந்து, "ஆண்ட்டி, இப்படி ஒரு குரலை வெச்சுக்கிட்டு ஏன் பேசுறதை நிறுத்திட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் நிமிந்து உக்காந்தேன். இத்தனை நாள் என்கிட்டச் சொல்லாததை இப்பச் சொல்வா, கேட்டுக்குவோம்னு. செண்பகம் மைக்கைக் கை மாத்திப் பிடிச்சா. அப்புறம், "தொண்டை சரியில்லாமப் போச்சும்மா"ன்னா.

பொய்! பச்சைப் பொய்! ஒரு நாள் ஒரு பொழுது அவளுக்கு இருமல் வந்து நான் பாத்ததில்ல. அத்தனை பேர் முன்னாடி எதுக்கு அந்தப் பொய்? யாரைக் காப்பாத்துறதுக்கு? நானும் அப்பலேருந்து அந்த ஆள் யாருன்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன். எட்வினா? இல்ல, அவன் மேல அப்ப யாரும் பழி போடலையே. வேற யாரு இருக்கா?

என்ன தம்பி? ஒண்ணுமில்லையா? எதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு.

கூட்டம் கலைஞ்சதும் நான் பக்கவாட்டுக் கதவுகிட்ட நின்னேன். அவ வந்தா. மாஸ்க்கைக் கழட்டலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள, "சாப்ட்டீங்களா?"ன்னா. ஆச்சரியமே படல. எட்வின் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அவன் கை சில்லுனு இருந்துச்சு. ஏதோ சொல்ற மாதிரி வாயை அசைச்சான். செண்பகம், "அன்னைக்குப் போன் பண்ணிட்டுப் பேசாம இருந்தது நீங்கதான்னு இவருக்குத் தெரியுமாம்"ன்னா. எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல. மேல ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்.

நானும் செண்பகமும் மட்டும் எதிர்ல ஒரு பேக்கரிக்குப் போனோம். கோயமுத்தூர்ல தெருவுக்குத் தெரு பேக்கரிதானே. டீ வந்துச்சு.

"உன் தொண்டைக்கு என்ன?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற எதைச் சொல்லச் சொல்றீங்க, அத்தனை பேர் முன்னாடி?"

"உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ளதையா?"ன்னா. என்னை ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் சிரிச்சா தம்பி. அதே சிரிப்பு. மான் விழுந்தப்போ சிரிச்சாளே, அது. பன் வெட்டிக்கிட்டிருந்த ஆளு கத்தியை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தான். பக்கத்து டேபிள்ல காலேஜ் பசங்க திரும்பிப் பாத்தாங்க. சிரிச்சு சிரிச்சு அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்ன வேடிக்கைன்னு எனக்குப் புரியல. ஆனா நிறுத்தச் சொல்லல நான். நிறுத்திட்டா மறுபடி எப்பக் கேப்போமோன்னு இருந்துச்சு.

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவ சொன்னா: "பர்வீன் ஆஸ்பத்திரியில சின்னப் புள்ளைங்க மாசக்கணக்காப் படுத்திருக்காங்களாம். அதுங்க கேக்குறதுக்குக் கதை பேசிப் பதிவு பண்ணப் போறோம். நாளைக்கு மத்தியானம் முதல் ரெக்கார்டிங். எல்லாக் குரலும் நான்தான். எட்வின் சார் கூட இருந்து, சரி தப்பு கையைக் காட்டுவாரு. முடிய எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. நான் இருக்கப் போறேன்."

"என்னைக் கேக்கவே இல்லையே?"

"இப்பக் கேக்குறேன். நீங்களும் இருங்க. வெளியில நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க. இல்லைன்னா காலையில ரயில் இருக்கு."

நான் ரயில்தான்னேன். அவ சரின்னுட்டா. சண்டை போடல, கண்ணீர் விடல. காலையில எழுந்து இட்லி பார்சல் வாங்கி, என்னை ஏத்திவிட்டு, "மாத்திரை பையில முன்னாடி இருக்கு"ன்னு சொல்லிட்டு நின்னா. வண்டி நகர்ந்ததும், கூட வந்திருந்த பர்வீனோட பேசிக்கிட்டே படியேறிப் போயிட்டா. சிரிச்சுக்கிட்டே போனா. இங்கேருந்து கேக்கல, ஆனா தோள் குலுங்கிச்சு, பாத்தேன்.

இப்ப எந்த ஸ்டேஷன் வருது? ஈரோடா? கொஞ்சம் நகருங்க தம்பி, கால் மரத்துப்போச்சு.

நான் திருப்பூர்லேருந்தே யோசிச்சுக்கிட்டு வர்றேன். "உள்ள வந்து உக்காருங்க"ன்னாளே, அது எதுக்கு? என் சர்வீஸ்ல எந்தக் கடைக்காரன் தானா உள்ள கூப்பிட்டுத் தராசைக் காட்டுறானோ, அவன் கடையைத்தான் நான் தலைகீழாக் கவுத்துப் பாத்திருக்கேன். அப்படிக் கூப்பிட்டவன் கடையைப் பாக்காமத் திரும்பிப் போறது வேலைக்கு அழகில்ல. சோதிச்சுடணும். மத்தியானம்னுதானே சொன்னா? இங்க இறங்கி எதிர் வண்டியைப் பிடிச்சா நேரத்துக்குப் போயிரலாம்ல? தாராளமாப் போயிரலாங்கிறீங்களா? நல்லது.

நீங்க சும்மா சிரிக்காதீங்க. வேற ஒண்ணுக்கும் இல்ல. கிழவி வருதாம், நரி வருதாம், மழை பேசுதாம், இன்னைக்கு அவ பேசப்போற கதையில. மழைக்கு ஒருத்தி எப்படிக் குரல் குடுப்பா? என் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை குரலை அவ ஒளிச்சு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒண்ணு விடாமக் கேட்டுட்டுத்தான் வருவேன்.

என் பையை எடுத்துக் குடுங்க. வண்டி நிக்கிறதுக்குள்ள கதவுகிட்டப் போயிடுறேன்.